கீச்சாப் நடக்கக் கற்ற தெரு

எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் கதவு திறந்தால் பெரும்பாலும் யாரோ வாங்கிப்போன வறுத்த மீ நூடுல்ஸின் வாசனைதான் வரும். போன சனிக்கிழமை காலையில் வேறொன்று வந்தது. பாலும் ஈர முடியும் கலந்து லேசாகப் புளித்த வாசனை. உள்ளே மேல்மாடிப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். மார்போடு கட்டிய துணிப்பைக்குள்ளிருந்து ஒரு நாய்க்குட்டி தலையை நீட்டி என்னை மோந்து பார்த்தது.

கீழே காவலர் கொட்டகைக்குப் பக்கத்தில் அவள் அதை இறக்கிவிட்டாள். குட்டி உட்கார்ந்துவிட்டது. அவள் கயிற்றை இழுத்தாள். உட்கார்ந்த நிலையிலேயே அது சிமெண்டுத் தரையில் வழுக்கிக்கொண்டு வந்ததே தவிர எழுந்திருக்கவில்லை. "ஆண்ட்டி, தினமும் இப்படித்தான். போன்ல பாத்து எல்லாம் செய்றேன், நடக்கவே மாட்டேங்குது" என்றாள். இழுக்காதேம்மா, கொஞ்ச நேரம் சும்மா பக்கத்தில் உட்கார் என்று சொல்லி நானும் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தேன். என் வயதில் உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் பெரிய காரியம். ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. குப்பை லாரி போயிற்று. குட்டி ஒவ்வொன்றையும் காது விறைக்கப் பார்த்துவிட்டு, கடைசியில் தானாக எழுந்து புல்லை மோந்தது. நீங்கள் நாய் வளர்த்திருக்கிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள். ஒரு காலத்தில் ஒன்று இருந்தது என்று மட்டும் சொன்னேன். அவள் வேலைக்குக் கிளம்ப வேண்டியவள், முழுக் கதையையும் சொல்லி நிறுத்திவைக்க முடியாது. உங்களுக்கு நேரம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நாயை நடக்கக் கூட்டிப்போவது என்பது எனக்கு இருபது வயதுக்கு மேல்தான் பழக்கமானது. நான் வளர்ந்தது நிபோங் திபால் பக்கம், பைராம் செம்பனைத் தோட்டத்தில். அங்கே நாய்கள் தாங்களாகவே நடந்துகொள்ளும். காலையில் எங்கள் வீட்டு நாய் வேறு யாரோ வீட்டில் சாப்பிடும், அவர்கள் நாய் எங்கள் வீட்டு வாசலில் தூங்கும், எது யாருடையது என்று யாரும் வழக்குப் பேச மாட்டார்கள். மேனேஜர் பங்களா நாயை மட்டும் ஒருவர் கயிறு போட்டுக் கூட்டிப்போவார். நாங்கள் வேலியோரம் நின்று சிரிப்போம். கொழுத்த நாய், ஒல்லியான மனிதர். யார் யாரைக் கூட்டிப்போகிறார் என்று சந்தேகமாக இருக்கும்.

படிப்பு முடிந்து ஜார்ஜ்டவுனில் வேலை கிடைத்தது. துறைமுகத்துக்கு எதிரே, வெல்ட் கீயில், கப்பல் சரக்குகளை அனுப்பும் ஒரு சின்ன அலுவலகம். தங்குவதற்கு லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் மாடியில் அறை கிடைத்தது. அறை என்று சொல்வது மரியாதைக்குத்தான். கட்டிலில் உட்கார்ந்தபடியே ஜன்னலைத் திறக்கலாம், அலமாரியைத் திறக்கலாம், கதவையும் சாத்தலாம். கீழே ரோசலின் அக்கா இருந்தார். அந்த வீட்டை நெடுங்காலமாக வாடகைக்கு வைத்திருந்தவர் அவர்தான். கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து இறந்துபோனவர். அக்கா துணிக்கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பார். முன்னறையில் தையல் மிஷின், அதற்கு மேலே மாதா படம், படத்தின் சட்டத்தில் எப்போதும் தொங்கும் ஓர் இன்ச் டேப். யார் உள்ளே வந்தாலும் அக்கா முகத்தைப் பார்ப்பதற்கு முன் தோளைப் பார்ப்பார். அளவெடுத்தே பழகிய கண்.

மாடியில் என் அறைக்கு எதிர் அறையில் சேகர் அண்ணன். அவர் கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில், கண்டெய்னர் முனையத்தில் ஷிப்ட் வேலை. மோட்டார் சைக்கிளோடு பெர்ரியில் போய் வருவார். அதிகம் பேசாதவர். ஒரு நாள் மழையோடு மழையாகத் திரும்பி வந்து, மழைக்கோட்டின் ஜிப்பை இறக்கி, உள்ளேயிருந்து ஒரு கறுப்புக் குட்டியை எடுத்து அக்காவின் தையல் மேஜையில் வைத்தார். தாய் நாய் டிரெய்லரில் அடிபட்டுவிட்டதாம். மற்றக் குட்டிகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்களாம். இதை யாரும் எடுக்கவில்லையாம். பெர்ரியில் வரும் வழியெல்லாம் அவர் வயிற்றில் சூடாக ஒன்றுக்குப் போயிருந்தது. அதைச் சொல்லும்போதுகூட அவர் முகம் மாறவில்லை.

அக்கா குட்டியைப் பார்த்தார், பிறகு அது நனைத்த பட்டு ரவிக்கைத் துணியைப் பார்த்தார். "எடுத்துட்டுப் போலா" என்றார். சேகர் அண்ணன் எங்கே கொண்டுபோவார்? அக்கா சொன்னதைக் கேட்டும் அங்கேயே நின்றார். அரை மணி நேரத்தில் குட்டி, வெட்டுத் துண்டுகள் போடும் கூடைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. கீச்சாப் என்று பெயர் வைத்தவரும் அக்காதான். கீச்சாப் என்றால் இங்கே சோறு, மீ எதிலும் ஊற்றிக்கொள்ளும் கறுப்புச் சாறு. மேஜையில் கொட்டிய கீச்சாப் மாதிரி கிடக்கிறது என்று அவர் எரிச்சலோடு சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது.

சேகர் அண்ணன் ஷிப்டுக்குப் போய்விடுவார். ஆகவே குட்டியை வளர்க்கும் வேலை எனக்கும் அக்காவுக்கும் வந்தது. நாங்கள் இரண்டு பேருமே அந்த வேலைக்குப் புதியவர்கள். மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் சொன்னது எனக்குக் குழப்பமாக இருந்தது. ஊசிகள் எல்லாம் போட்டு முடியும்வரை தெருவில் கால் வைக்க விடாதீர்கள், மற்ற நாய்கள் போய்வரும் மண்ணிலிருந்து குட்டிக்குச் சாகும் அளவுக்கு நோய் வரும் என்றார். அடுத்த மூச்சில், ஆனால் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்காதீர்கள், இந்த வயதில் பார்க்காததையும் கேட்காததையும் கண்டு பிறகு ஆயுசுக்கும் பயப்படும் என்றார். வெளியே போகவும் வேண்டும், தரையில் கால் படவும் கூடாது. நான் மலைத்து நின்றேன். அக்கா அதில் ஒரு சிக்கலையும் காணவில்லை. காய்கறி வாங்கப் பாசாருக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் கூடையில் பழைய துண்டை விரித்து, குட்டியை அதில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டார்.

அப்படித்தான் கீச்சாப் முதலில் ஊரைப் பார்த்தது. ஒரு கையில் நாய்க்கூடை, மறு கையில் தைத்து முடித்த ரவிக்கைப் பை என்று அக்கா துணிக்கடை துணிக்கடையாகப் போவார். பாட்டுக் கடை ஒலிபெருக்கி, இரும்பு ஷட்டரை இழுக்கும் சத்தம், பூக்கடைத் தண்ணீர்த் தெளிப்பு, கோயில் மேளம், சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மினுக்கு விளக்கோடு போகும் மூன்று சக்கர மிதிவண்டியான திரிஷா எல்லாவற்றையும் அது கூடையின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு பார்க்கும். சத்தம் பெரிதாக வரும்போது அக்கா ஒரு வறுத்த நெத்திலியை வாயில் கொடுப்பார். ஷட்டர் சத்தம் என்றால் நெத்திலி வரும் என்று குட்டி புரிந்துகொண்டது. இந்த ஏற்பாட்டில் என் பங்கு நெத்திலி சுமப்பது. அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் கைப்பையில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கும். என் மேலதிகாரி ஒரு நாள், எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று அலமாரிகளை எல்லாம் நகர்த்தச் சொன்னார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து நகர்த்தினேன்.

ஊசி முடிந்து கீழே இறக்கியபோதுதான் அந்தச் சந்தில் எத்தனை ஆபத்து இருக்கிறது என்று எங்களுக்கே தெரிந்தது. நாம் நம் உயரத்திலிருந்து தெருவைப் பார்க்கிறோம். குட்டிக்குத் தெரு ஒரு சாண் உயரத்தில் தொடங்குகிறது. மூடியில்லாத சாக்கடை. சாப்பாட்டுக் கடைப் பின்புறத்தில் வீசிய கோழி எலும்பு, சிவப்புக் குழம்பு ஒட்டியபடி. யாரோ எலிக்கு வைத்த விஷத் துண்டு. சீனர்கள் முன்னோருக்குக் காகிதம் எரிக்கும் தகரத்தில் இன்னும் ஆறாத சாம்பல். மத்தியான வெயிலில் தார் ரோடு தோசைக்கல். என் புறங்கையை ரோட்டில் வைத்துப் பார்ப்பேன், பத்து எண்ணுவதற்குள் கையை எடுக்க வேண்டியிருந்தால் குட்டி வீட்டிலேயே இருக்கும். ஆகவே காலையில் வெயில் ஏறுமுன் நானும், சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின் அக்காவும் என்று பிரித்துக்கொண்டோம். தூரம் கொஞ்சம்தான். குட்டி நின்று ஒரு தூணை மோந்தால் நாங்களும் நிற்க வேண்டும். எனக்கு அதில்தான் பொறுமை இல்லை. நேரம் போகிறது, ஆபீஸ் திறந்துவிடுவார்கள், இந்தத் தூணில் அப்படி என்ன இருக்கிறது என்று தோன்றும். "நீ காலையில பேப்பர் படிக்கிறல்ல, அதுவும் படிக்கட்டும்லா" என்று அக்கா சொல்வார்.

வழியை முடிவு செய்ததும் அக்காதான். சந்திலிருந்து வலப்பக்கம் திரும்பினால் அமீது பாயின் மசாலாக் கடை. அவர் கடைக்கு முன்னால் ஐந்தடி முழுவதும் மிளகாய், மல்லி, மஞ்சள் மூட்டைகள். ஐந்தடி என்றால் இங்கே கடைவீடுகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை. அதைத் தாண்டிப் போனால் பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறவர்கள் வரும் வழி. நாயின் ஈரம் பட்டால் அவர்கள் மறுபடியும் கை கால் கழுவ வேண்டும், நாம் ஏன் சங்கடம் கொடுக்க வேண்டும் என்று அக்கா இடப்பக்கம் போக முடிவு செய்தார். இடப்பக்கம் சுற்றுவழி, அதுவும் லாரிகள் நுழையும் வழி. பாயும் அக்காவும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. நாய் இல்லாமல் அக்கா கடந்து போகும்போது பாய் தலையை அசைப்பார், அக்காவும் தலையை அசைப்பார், அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அது நடந்தது. லிட்டில் இந்தியாவில் அந்த நாட்களில் நடப்பதே தள்ளுமுள்ளுதான். சாயங்காலம் அக்கா கீச்சாப்போடு திரும்பி வரும்போது, பாட்டுக் கடைக்காரர் புதிதாக வந்த ஒலிபெருக்கியைச் சோதிக்க, தெரு அதிரும்படி ஒரே ஓர் இடி விழுந்தது. இத்தனை மாதம் நெத்திலி தின்று பழகிய குட்டிதான், ஆனால் இது அதன் கணக்கில் இல்லாத சத்தம். பின்னால் எகிறியது. கழுத்துப் பட்டை தலை வழியாகக் கழன்று வந்துவிட்டது. குட்டிகளின் தலை சின்னது, கழுத்து தடித்தது. பின்பக்கமாக இழுத்தால் பட்டை வளையல் போலக் கழன்றுவிடும் என்பது எங்களுக்கு அன்றைக்கு வரை தெரியாது. அக்கா கையில் கயிறும் வெறும் பட்டையும் இருந்தன. குட்டி கூட்டத்தின் கால்களுக்குள் போய் மறைந்துவிட்டது.

அக்கா எனக்குப் போன் செய்தார். அலுவலகத்தைப் பூட்டும் நேரம். "போயிருச்சு" என்று மட்டும் சொன்னார். என்ன போயிற்று என்று நான் கேட்கவில்லை. வெல்ட் கீ ரோட்டில் அந்த நேரம் கண்டெய்னர் லாரிகளும் பெர்ரிக்குப் போகும் கார்களும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். அங்கே ஒரு கறுப்புக் குட்டி, அதுவும் இருட்டும் நேரத்தில். நான் ரோட்டோரமாகவே நடந்து, ஒவ்வொரு லாரிச் சக்கரத்தின் அடியிலும் குனிந்து பார்த்தேன். எதைத் தேடுகிறேன் என்று ஒரு டிரைவர் கேட்டார். சொன்னதும் இறங்கி வந்து அவரும் தன் வண்டிக்குக் கீழே பார்த்தார். குட்டி சாகுமே என்பதைவிட, அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் பெரிதாக இருந்தது. சேகர் அண்ணன் கடலுக்கு அந்தப் பக்கம் வேலையில் இருந்தார், அவருக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை.

மறுபடி போன் அடித்தது. அக்கா. அமீது பாய் ஆள் அனுப்பியிருப்பதாகச் சொல்லி, மசாலாக் கடைச் சந்துக்கு வரச் சொன்னார்.

அமீது பாயின் கடைக்குப் பக்கவாட்டில் ஒரு குறுகிய சந்து உண்டு. ஒரு முனை கடைத்தெருவில், மறு முனை வெல்ட் கீ பக்கம். குட்டி கடைத்தெரு முனையில் நுழைந்து மறு முனையை நோக்கி ஓடியதைப் பாய் கல்லாவிலிருந்து பார்த்திருக்கிறார். கடைத் தள்ளுவண்டி வெங்காய மூட்டையோடு ரோட்டுப் பக்கமாக நின்றிருந்தது. கடையின் பின்வாசல் வழியாகக் குட்டிக்கு முன்னால் போய், வண்டியைக் குறுக்கே தள்ளி அந்த முனையை அடைத்திருக்கிறார். வண்டிக்கு அடியில் இடைவெளி இருந்தது. அதில் மூட்டைகளை இறக்கி அடுக்கியிருக்கிறார். பிறகு இந்தப் பக்கம் வந்து, கையில் விளக்குமாற்றோடு கடைத்தெரு முனையில் நின்றுகொண்டார். நான் போனபோதும் அப்படியே நின்றிருந்தார், வெள்ளைத் தொப்பியும் மஞ்சள் தூள் படிந்த சட்டையுமாக. கடைக்குள் தீபாவளிச் சாமான் வாங்க வந்த கூட்டம் காத்திருந்தது.

அப்போதுதான் வந்து சேர்ந்த அக்காவைப் பார்த்துப் பாய் சொன்னார்: "உங்க குட்டி உள்ளதான் இருக்கு. நான் தொடல. போகவும் விடல."

அக்கா சந்துக்குள் போனார். கூப்பிடவில்லை, துரத்தவில்லை. குட்டி அங்கே வைத்திருந்த ஒரு மிளகாய் மூட்டைக்குப் பின்னால் சுருண்டு தும்மிக்கொண்டிருந்தது. அக்கா கொஞ்சம் தள்ளி, ஈரத் தரையில், புடவையோடு உட்கார்ந்து முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தெருவில் அத்தனை சத்தத்திலும் அந்தச் சந்தில் தும்மல் மட்டும் கேட்டது. பாய் தன் முதுகை எங்களுக்குக் காட்டி நின்று, யாரும் உள்ளே எட்டிப் பார்க்காமல் பார்த்துக்கொண்டார். குட்டி வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்தது. அக்காவின் மடியில் ஏறிப் புடவைத் தலைப்புக்குள் தலையை நுழைத்தது. அக்கா அழவில்லை. அதன் காதுகளை ஒவ்வொன்றாகத் தடவி, கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, முழுசாக இருக்கிறது என்று தெரிந்தபிறகுதான் எழுந்தார்.

வெளியே வந்ததும் பாய் இரண்டு அடி விலகி நின்று, இன்னொன்றும் சொன்னார். இதைச் சொல்ல அவர் நெடுநாள் யோசித்திருந்தார் என்று நினைக்கிறேன். "இனிமே அந்தப் பக்கம் சுத்திப் போகாதீங்கம்மா. அங்க லாரி. எங்க கடை முன்னாலயே போங்க. நான் கொஞ்சம் தள்ளி நின்னுக்கறேன்."

மறுநாள் காலையிலேயே அக்கா மிஷினில் உட்கார்ந்துவிட்டார். கழுத்துப் பட்டை இனி வேண்டாம், மாரைச் சுற்றிப் போடும் பட்டைதான் என்று எனக்கு இன்டர்நெட் சொன்னது. கடையில் விற்பதெல்லாம் கீச்சாப்பின் உடம்புக்குத் தொளதொள என்று இருந்தன. அக்கா மாதா படத்திலிருந்து டேப்பை எடுத்து, குட்டியை மேஜையில் நிறுத்தி, ரவிக்கைக்கு எடுப்பது போலவே மார்பு, தோள், முன்கழுத்து என்று அளவெடுத்தார். சேகர் அண்ணன் கொண்டுவந்து கொடுத்த கெட்டி நாடாவில், உள்பக்கம் பழைய வெல்வெட் வைத்துத் தைத்தார். ஓரத்தில் துணி மடித்து விட்டிருந்ததைக் கேட்டேன். பிள்ளை வளரும், அப்போது பிரித்துவிடலாம், ரவிக்கைக்கும் அப்படித்தான் விடுவேன் என்றார்.

பட்டை தயார். ஆனால் கீச்சாப் வாசலைத் தாண்ட மறுத்தது. நெத்திலி காட்டினால் கழுத்தை மட்டும் நீட்டும், கால் அசையாது. நான் தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிடலாம் என்றேன். அக்கா வேண்டாம் என்றார். வாசலில் இரண்டு முக்காலி போட்டு நாங்கள் உட்கார்ந்தோம். நடுவில் அது. தெருவில் என்ன நடந்தாலும் ஒரு நெத்திலி. தினமும் சாயங்காலம் அதுதான் எங்கள் நடை, ஓர் அடிகூட எடுத்து வைக்காத நடை. போகிறவர்கள் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நாய் பயப்படுகிறது என்று நாங்கள் சொன்னோம். அதில் இப்படி ஒன்று நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்வீட்டுச் சீன அம்மாள் காகிதம் எரிக்கும் தகரத்தைச் சொல்லாமலேயே சந்தின் மறு ஓரத்துக்கு நகர்த்திவிட்டார். திரிஷாக்காரர் ஒருவர் எங்கள் வாசலுக்கு வந்ததும் பாட்டை நிறுத்தி, தாண்டியதும் மறுபடி போடுவார். வண்டியில் இருக்கும் வெள்ளைக்காரப் பயணிகள் ஏதோ பழுது என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். பாட்டுக் கடைக்காரர் ஒரு நாள் வந்து கீச்சாப்பை எட்ட நின்று பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் அவர் ஒலிபெருக்கி தெருவைப் பார்க்காமல் கடைக்குள்ளே பார்த்து நின்றது.

கடைசியில் அதை வெளியே இறக்கியது எங்கள் யுக்தி ஒன்றும் இல்லை. கச்சாங் பூத்தே விற்கும் அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது கொஞ்சம் வறுகடலை சிந்திவிட்டது. கீச்சாப் படியிறங்கிப் போய் அதைத் தின்றது. தின்று முடித்துத் திரும்பிப் பார்த்தபோதுதான், தான் தெருவில் நிற்பது அதற்கே தெரிந்தது போல இருந்தது. நானும் அக்காவும் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தோம். அது அடுத்த தூணுக்குப் போய், காலைப் பேப்பர் படிப்பது போல நிதானமாக மோந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒன்றரை வருடம் நல்ல காலம். வலப்பக்கம்தான் போனோம். எங்களைக் கண்டதும் அமீது பாய் கல்லாவிலிருந்து எழுந்து கடைக்குள் இரண்டு அடி போவார், நாங்கள் தாண்டியதும் திரும்ப வந்து உட்கார்வார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அக்கா அதைக் கடற்கரைத் திடலுக்குக் கூட்டிப்போவார். புல்லில் நீளக் கயிறு விட்டு ஓடவிடுவார். பட்டை இரண்டு முறை பிரித்துத் தைக்கப்பட்டது. சேகர் அண்ணன் விடுமுறை நாளில் எங்களோடு வருவார். அவர் கயிற்றைப் பிடித்தால் கீச்சாப் அவர் பக்கத்திலேயே, அவரைப் போலவே, ஒன்றும் பேசாமல் நடக்கும்.

பிறகு வீட்டுக்காரரின் மகன் கோலாலம்பூரிலிருந்து வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அந்த வரிசை வீடுகள் எல்லாம் கைமாறிவிட்டன, பழையபடி புதுப்பித்துத் தங்கும் விடுதியாக்கப் போகிறார்கள் என்றார். சந்தில் ஒவ்வொரு வீடாகக் காலியானது. அக்கா ஆயர் ஈத்தாமில் தங்கையின் அடுக்குமாடி வீட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று. அங்கே நாய் வைத்திருக்க அனுமதி இல்லை. எனக்குக் கிடைத்த அறையிலும் இல்லை. சேகர் அண்ணனுக்குக் கம்பெனி விடுதி. தோட்டத்தில் என் அப்பா இருந்தார். அவரிடம் கேட்டேன். "இருக்கிற நாயோட நாயா இருந்துட்டுப் போவுது" என்றார்.

சேகர் அண்ணன் நண்பரின் வேனில் கொண்டுபோய் விட்டோம். அக்கா வரவில்லை. காலையில் வழக்கமான நேரத்தில் அதை வழக்கமான வழியில் கூட்டிப்போய்த் திரும்பினார். பட்டையைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்து மறுபடி மாட்டினார். வேனில் ஏற்றியதும் உள்ளே போய் மிஷினைத் துணியால் மூடினார். அதுவும் அன்றைக்கு ஆயர் ஈத்தாமுக்கு ஏற்ற வேண்டிய சாமான்தான்.

தோட்டத்தில் கீச்சாப்புக்கு ஒன்றும் புரியவில்லை. மற்ற நாய்கள் இஷ்டத்துக்குத் திரிந்தன. அது மட்டும் சாயங்காலமானால் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு வாசலில் நிற்கும். வேலைக்குப் போகிறவன் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பது போல நிற்கிறது என்று அப்பா போனில் குறைபட்டார். டவுன் நாயைக் கொண்டுவந்து தலையில் கட்டிவிட்டாய் என்றார். கொஞ்ச நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அத்தை என்னிடம் வேறு செய்தி சொன்னார். அப்பா தினமும் நாயைக் கயிறு போட்டு, செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் ரோட்டில் கூட்டிப்போகிறாராம். பிள்ளைகள் எல்லாம் பார்த்துச் சிரிக்கிறார்களாம். அப்பாவிடம் கேட்டேன். "மோட்டர் ஓடுற ரோடுலா. சும்மா வுட முடியுமா" என்றார். பிறகு ஊருக்குப் போனபோது பார்த்தேன். கீச்சாப் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்றது, அப்பாவும் நின்றார். வேகமாக வரும் மோட்டார் சைக்கிளைக் கையை நீட்டி மெதுவாகப் போகச் சொன்னார். என்னை வளர்த்தபோது அவருக்கு இவ்வளவு பொறுமை இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ரோசலின் அக்கா ஒரு தடவை வந்தார், பஸ்ஸில், கையில் தையல் பையோடு. கீச்சாப் தூரத்திலேயே அடையாளம் கண்டு, அவர் மேல் ஏறி அவரைக் கீழே தள்ளிவிட்டது. தோட்டத்துச் சாப்பாட்டில் அது நன்றாகப் பெருத்திருந்தது, பட்டை இறுக்கிக்கொண்டிருந்தது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, தையலைப் பிரித்து, மடித்து விட்டிருந்த கடைசித் துணியையும் விட்டுத் தைத்துக் கொடுத்தார். "இதுக்கு மேல துணி இல்ல. சோத்தக் குறைங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையாட்டினார். குறைக்கவில்லை.

கீச்சாப் நன்றாக வயதாகி, மூக்கெல்லாம் நரைத்து, ஒரு மத்தியானத் தூக்கத்தில் போனது. அதன் பிறகும் அப்பா அந்த ரோட்டில் அந்த நேரத்தில் நடந்துகொண்டுதான் இருந்தார். கேட்டால், சுகர் இருக்குலா, டாக்டர் நடக்கச் சொன்னாரு என்பார். எந்த டாக்டரும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும், எல்லா டாக்டரிடமும் அவரைக் கூட்டிப்போனவள் நான்தான். இப்போது அப்பாவும் இல்லை. அக்கா தங்கையோடு இருக்கிறார், கண் மங்கிவிட்டது, தைப்பதில்லை. சேகர் அண்ணன் ஜொகூர் பக்கம் போய்விட்டார். அவர் மழைக்கோட்டுக்குள் குட்டியை ஒளித்துக்கொண்டு வந்த அந்தப் பெரிய பழைய பெர்ரிகளும் ஓட்டத்தை நிறுத்திவிட்டன.

லிஃப்டில் அந்தக் குட்டியைப் பார்த்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பழைய சந்துக்குப் போனேன். சாக்கடைகளுக்கு இரும்பு மூடி போட்டிருக்கிறார்கள். ஐந்தடியில் ஒரு காகிதத் துண்டு இல்லை. அமீது பாயின் கடை இருந்த இடத்தில் குளிர்சாதனம் போட்ட காப்பிக் கடை. அவர் மகன்கள் வேறு பேட்டையில் மொத்த வியாபாரம் செய்வதாக அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். எந்தக் குட்டியையும் பயமில்லாமல் நடத்திக்கொண்டு போகலாம் என்ற அளவுக்கு அந்தச் சந்து சுத்தமாகவும் அமைதியாகவும் இருந்தது. நான் நின்றிருந்த அவ்வளவு நேரத்தில் பெட்டி உருட்டிக்கொண்டு வந்த இரண்டு பயணிகளைத் தவிர யாரும் வரவில்லை.

எங்கள் பழைய வீட்டு வாசலில் கண்ணாடிக் கதவு. உள்ளேயிருந்து வரவேற்பில் இருக்கும் தமிழ்ப் பெண் ஒருத்தி வந்து, புக்கிங் இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லம்மா, முன்னால் இங்கே குடியிருந்தேன், அதோ மேலே வலது ஜன்னல் என் அறை என்று காட்டினேன். அவள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"அது ரூம் இல்லக்கா" என்றாள். "ரொம்பச் சின்னதுன்னு யாருக்கும் குடுக்கறதில்ல. துண்டு, பெட்ஷீட் அடுக்கி வச்சிருக்கோம்."